டைகரைத் தோற்கடித்தது எது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போரின் விமானங்களையும் டாங்கிகளையும் பற்றியவை. சரி, வேறு எதையும் கலக்காமல் அவற்றுக்கே முழுப் பக்கத்தையும் கொடுத்துவிடலாம்.

கே: டைகர் டாங்கி மாதிரி ஒரு அசுரனை வைத்துக்கொண்டு ஜெர்மனி எப்படி சார் தோற்றது?

ப: அசுரன்தான், சந்தேகமில்லை. 57 டன் எடை, முன்பக்கம் 100 மி.மீ. கவசம், 88 மி.மீ. பீரங்கி. 1942-43இல் எதிரே வந்த டாங்கிகளில் பலவற்றின் குண்டு அதன் முகத்தில் பட்டுத் தெறித்துப் போனது. ஆனால் அசுரன் சண்டைக்கு வந்து சேர வேண்டுமே! ரயிலில் ஏற்றுவதற்கு முன்னால் 725 மி.மீ. அகலமுள்ள சங்கிலிப் பட்டையைக் கழற்றிவிட்டு 520 மி.மீ. பட்டையை மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் ரயிலுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இறக்கியதும் திரும்பவும் கழற்று, திரும்பவும் மாட்டு. ஒவ்வொரு பட்டையும் டன் கணக்கில் எடை என்பதை நினைத்துக்கொண்டு இந்த வேலையைக் கற்பனை செய்து பாருங்கள்.

அடுத்தது சக்கரங்கள். எடையைப் பரவலாகத் தாங்க வேண்டும் என்பதற்காக ஒன்றின் இடுக்கில் இன்னொன்று நுழைகிற மாதிரி வரிசை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஓடும்போது சுகமாகத்தான் ஓடும். ரஷ்யக் குளிர்காலத்தில் இரவு நிறுத்தி வைத்தால் அந்த இடுக்குகளில் சிக்கிய சேறு விடிவதற்குள் கல்லாக உறைந்துவிடும், வண்டி அசையாது. உள் வரிசையில் ஒரு சக்கரம் கெட்டுப் போனால் அதைத் தொடுவதற்கே வெளி வரிசையில் பலதைக் கழற்ற வேண்டும். போதாக்குறைக்கு அந்த எடையை இழுத்து இழுத்து கியர் பாகங்கள் தேய்ந்து உடைந்தன. எதிரி அடித்து வீழ்த்தியதைத் தவிர, ரிப்பேராகியோ பெட்ரோல் தீர்ந்தோ நின்ற இடத்தில் சொந்த ஆட்களே வெடி வைத்துத் தகர்த்துவிட்டுப் போன டைகர்கள் கணிசமானவை.

எண்ணிக்கையையும் பாருங்கள். டைகர் முதல் மாடல் மொத்தமே ஏறத்தாழ 1,350. அமெரிக்க ஷெர்மன் ஏறத்தாழ 49,000. சோவியத் டி-34 போர் முடிவதற்குள் 55,000க்கும் மேல்.

கே: அப்படியானால் டி-34தான் உலகின் தலைசிறந்த டாங்கியா? என் நண்பன் சத்தியம் செய்கிறான்.

ப: உங்கள் நண்பரை டி-34க்குள் ஒரு நாள் உட்கார வைத்தால் சத்தியத்தை வாபஸ் வாங்கிக்கொள்வார்.

வடிவமைப்பில் இருந்த மேதைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். கவசத் தகடு 45 மி.மீ. தடிமன்தான், ஆனால் அதைச் செங்குத்தாக நிறுத்தாமல் 60 டிகிரி சாய்த்துவிட்டார்கள். ஒரு பலகையை நேராக அறுப்பதற்கும் சாய்த்து அறுப்பதற்கும் ரம்பம் கடக்கிற தூரம் எவ்வளவு வித்தியாசப்படும்? அதே கணக்குத்தான் இங்கேயும். நேராக வருகிற குண்டு 90 மி.மீ. இரும்பைக் கடக்க வேண்டும், அல்லது சறுக்கிக்கொண்டு போய்விடும். எடை கூடாமல் இரட்டிப்புக் கவசம். 500 குதிரைசக்தி டீசல் என்ஜின், சேற்றிலும் பனியிலும் புதையாத அகலப் பட்டை, கிறிஸ்டி என்ற அமெரிக்கர் கண்டுபிடித்து அவருடைய நாட்டு ராணுவம் பெரிதாகக் கண்டுகொள்ளாத சஸ்பென்ஷன், இவையெல்லாம் ஒரே வண்டியில். 1941இல் ஜெர்மானியர்கள் இதைப் பார்த்து ஆடிப்போனது உண்மை. பின்னால் அவர்கள் பாந்தர் என்ற டாங்கியை வடிவமைத்தபோது கவசத்தைச் சாய்த்ததும் இதைப் பார்த்துத்தான்.

இப்போது உள்ளே போவோம். ஆரம்ப மாடலில் சுழல் கோபுரத்துக்குள் இரண்டே பேருக்குத்தான் இடம். அதனால் வண்டியின் தலைவரே குறிபார்த்துச் சுடவும் வேண்டும், சுற்றிலும் என்ன நடக்கிறது என்று கவனிக்கவும் வேண்டும், மற்ற டாங்கிகளுக்கு உத்தரவும் கொடுக்க வேண்டும். உத்தரவு எப்படிக் கொடுப்பது? பல வண்டிகளில் ரேடியோவே கிடையாது, கொடியை ஆட்ட வேண்டியதுதான்! 1942இல் ஒரு டி-34ஐ அமெரிக்காவின் அபர்டீன் சோதனைத் தளத்துக்கு அனுப்பினார்கள். காற்று வடிகட்டி சரியாக வேலை செய்யாமல் தூசி உள்ளே புகுந்து, 350 கிலோமீட்டர் கூட ஓடாமல் என்ஜின் போய்விட்டது. மழை பெய்தால் உள்ளே ஒழுகியதையும் குறித்து வைத்தார்கள்.

ஆனால் நான் ரசிப்பது அதற்கு அடுத்த கட்டத்தை. உற்பத்தியை நிறுத்திவிட்டு அழகு பார்க்க சோவியத்துக்கு நேரமில்லை. எதிரி வாசலில் நிற்கிறான், தொழிற்சாலைகளைப் பெயர்த்து ரயிலேற்றி யூரல் மலைப் பக்கம் கொண்டுபோகிறார்கள், அந்த நெருக்கடியிலும் ஒவ்வொரு பாகத்தையும் இன்னும் சுலபமாகச் செய்ய முடியுமா என்றுதான் பார்த்தார்கள். 1941இலிருந்து 1943க்குள் ஒரு டாங்கியின் செலவு பாதியாகக் குறைந்தது. 1944இல் வந்த டி-34-85இல் மூன்று பேர் உட்காரும் கோபுரம், 85 மி.மீ. பீரங்கி, ரேடியோ எல்லாம் வந்துவிட்டன. இதை வடிவமைத்த மிகைல் கோஷ்கின் இதில் எதையும் பார்க்கவில்லை. 1940 மார்ச்சில் இரண்டு மாதிரி வண்டிகளைக் கார்கிவிலிருந்து மாஸ்கோவரை பனியில் ஓட்டிக்கொண்டு போனபோது நிமோனியா பிடித்து, அதே ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார்.

"தலைசிறந்த" என்ற பட்டத்தை நான் எதற்கும் தருவதாக இல்லை.

கே: அமெரிக்காவிடம் பணம் இருந்ததே, டைகருக்குப் போட்டியாக ஏன் பெரிய டாங்கி செய்யவில்லை?

ப: கப்பல். ஒவ்வொரு டாங்கியும் கடலைத் தாண்டிப் போக வேண்டும், துறைமுகத்தில் கிரேன் தூக்க வேண்டும், இறங்கிய நாட்டில் பாலம் தாங்க வேண்டும். 30 டன் சொச்சம் எடையுள்ள ஷெர்மனுக்கு இதெல்லாம் நடந்தது. என்ஜின் விஷயத்தில் அவர்கள் செய்ததைப் பார்த்தால் சிரிப்பு வரும், மரியாதையும் வரும். விமான என்ஜின் கிடைக்கிறதா, அதைப் போடு. லாரி டீசல் இரண்டு கிடைக்கிறதா, இரண்டையும் சேர்த்துப் போடு. கிறைஸ்லர் நிறுவனம் ஒரு படி மேலே போய் ஆறு சிலிண்டர் கார் என்ஜின்கள் ஐந்தைப் பூப்போல வட்டமாக அடுக்கி, 30 சிலிண்டர் பூதம் ஒன்றைச் செய்து உள்ளே திணித்தது. அது ஓடவும் செய்தது! ஆரம்ப ஷெர்மன்கள் அடிபட்டால் பற்றி எரிந்தன என்ற கெட்ட பெயரில் உண்மை உண்டு. உள்ளே அடுக்கியிருந்த பீரங்கிக் குண்டுகள்தான் அதற்கு முக்கியக் காரணம். அந்தக் குண்டுகளைத் தரைப் பகுதிக்கு இறக்கி, சுற்றிலும் நீர் நிரம்பிய பெட்டிகளை வைத்த பிறகு எரிவது வெகுவாகக் குறைந்தது.

கே: ஜெர்மனியின் ஸ்டூகா குண்டுவீச்சு விமானம் பாயும்போது வருமே ஒரு அலறல், அது என்ஜின் சத்தமா?

ப: இல்லை. சக்கரத் தூணில் குட்டி விசிறியோடு ஒரு சைரனைப் பொருத்தியிருந்தார்கள், பாயும்போது காற்று அதைச் சுழற்றி அலற வைக்கும். கீழே இருப்பவர்களைக் கதிகலங்க வைப்பதைத் தவிர அதனால் வேறு பயன் இல்லை. விமானத்தின் வேகத்தையும் அது குறைத்ததால் பின்னால் பலவற்றில் கழற்றிவிட்டார்கள். பிரிட்டன் மீது போனபோது வேகமான போர் விமானங்களிடம் மாட்டிக்கொண்டு ஸ்டூகாக்கள் செமத்தியாக வாங்கின, 1940 ஆகஸ்டிலேயே அந்தச் சண்டையிலிருந்து ஏறக்குறைய விலக்கிக்கொண்டார்கள். எல்லா சினிமாவிலும் விழுகிற எல்லா விமானத்துக்கும் இந்த ஒரே சத்தத்தைப் போடுகிறார்களே, அதற்கு யாராவது தடை வாங்கினால் தேவலை.

கே: பிரிட்டனைக் காப்பாற்றியது ஸ்பிட்ஃபயர் என்று என் அப்பா சொல்கிறார், ஹரிக்கேன் என்று நான் படித்தேன். யார் சொல்வது சரி?

ப: ஜெர்மன் விமானங்கள் பிரிட்டனைத் தாக்கிய 1940 கோடையில் எண்ணிக்கையில் அதிகம் பறந்ததும் ஹரிக்கேன், அதிக எதிரி விமானங்களை வீழ்த்தியதும் ஹரிக்கேன். உடம்பின் பின்பாதி துணி போர்த்திய சட்டம்தான். குண்டு துணியைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும், ஒட்டுப் போட்டு மறுநாளே பறக்க விடலாம். ஸ்பிட்ஃபயரின் முட்டை வடிவ இறக்கை செய்வதற்குப் படாத பாடு படுத்தியது. அதை அழகுக்காக வரைந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். முடிந்தவரை மெல்லிய இறக்கை வேண்டும், அதே சமயம் எட்டு இயந்திரத் துப்பாக்கிகளும் மடங்கும் சக்கரமும் அதற்குள் அடங்க வேண்டும் என்று கணக்குப் போட்டபோது வந்த வடிவம் அது. தலைமை வடிவமைப்பாளர் மிட்செல் முதல் விமானம் 1936 மார்ச்சில் பறந்ததைப் பார்த்தார், அடுத்த ஆண்டே 42 வயதில் புற்றுநோயால் இறந்தார். ஹரிக்கேனைச் சீக்கிரமே முந்திவிட்டார்கள். ஸ்பிட்ஃபயரை மாற்றி மாற்றிப் போர் முடிந்த பிறகும் செய்துகொண்டிருந்தார்கள், 20,000க்கும் மேல். ஆக அந்த ஒரு கோடைக்கு நீங்கள் படித்தது சரி, மொத்தப் போருக்கும் அப்பா சரி. சண்டையை நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு விமானத்துக்கும் பொதுவான ஒரு வியாதியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இரண்டிலும் இருந்தது ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் என்ஜின். அதன் கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவை ஒரு மிதவை பார்த்துக்கொள்ளும். விமானி மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் பெட்ரோல் எழும்பிக் கார்புரேட்டரின் மேல்பக்கம் போய்விடும், என்ஜின் ஒரு கணம் பட்டினி கிடந்து விக்கும். அடுத்த கணம் மிதவை ஏமாந்து பெட்ரோலைத் தாராளமாகத் திறந்துவிட, என்ஜின் மூச்சுத் திணறி அணைந்தே போகலாம். ஜெர்மன் மெசர்ஷ்மிட்டில் பெட்ரோலைப் பீய்ச்சிக் கொடுக்கும் ஏற்பாடு இருந்ததால் இந்தத் தொல்லை இல்லை. மூக்கை அழுத்தித் தப்பித்துப் போய்விடுவார்கள். துரத்துகிற பிரிட்டிஷ் விமானி தன் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டு இறங்க வேண்டும், அதற்குள் ஆள் பறந்துவிடுவான்.

இதற்கு மருந்து கண்டவர் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர். புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கியவர். அவர் செய்தது நடுவில் துளையிட்ட ஒரு சின்ன உலோக வளையம், அவ்வளவுதான். என்ஜின் முழு வேகத்தில் ஓட எவ்வளவு பெட்ரோல் தேவையோ அதற்கு மேல் ஒரு சொட்டும் போகாதபடி அந்தத் துளையின் அளவைக் கணக்கிட்டிருந்தார். விமானத்திலிருந்து கார்புரேட்டரைக் கழற்றாமலே பொருத்தலாம். 1941 தொடக்கத்தில் ஒரு சிறு குழுவோடு தளம் தளமாகப் போய் மாட்டிவிட்டு வந்தார். மெர்லினைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்த வளையத்துக்கு ஒரு வரி ஒதுக்கினால் அதிகம்.

கே: இளஞ்சிவப்பு நிற ஸ்பிட்ஃபயர் படம் ஒன்று சுற்றுகிறது. கிராபிக்ஸ்தானே?

ப: நிஜம்தான். வேவு பார்த்துப் படமெடுக்கிற விமானங்கள், அதிலும் மேகத்துக்குக் கீழே தாழப் பறப்பவை. வெளிறிய மேகப் பின்னணியில் அந்த நிறம் கரைந்துவிடும்.

கே: மரத்தால் ஒரு போர் விமானம் செய்தார்களாமே, அலுமினியம் வாங்கக் காசு இல்லையா?

ப: காசு விஷயமில்லை. அலுமினியத்துக்கு எல்லோரும் அடித்துக்கொண்டிருந்தார்கள், மரத்தச்சர்கள் சும்மா இருந்தார்கள். டி ஹாவிலண்ட் நிறுவனத்துக்கு மர விமானங்களில் ஏற்கெனவே நல்ல தேர்ச்சி. பிர்ச் பிளைவுட் இரண்டு அடுக்கு, நடுவில் எடையே இல்லாத பால்சா மரம், எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டி உடம்பை இரண்டு பாதியாகச் செய்து, உள்ளே வயர்களையும் குழாய்களையும் பொருத்திய பிறகு சேர்த்து மூடுவார்கள். நாற்காலி மேசை செய்கிறவர்களும் பியானோ செய்கிறவர்களும் விமானம் செய்தார்கள். இதுதான் மஸ்கிடோ, 1940 நவம்பரில் முதலில் பறந்தது. இரண்டு மெர்லின் என்ஜின், மழமழவென்ற உடம்பு. குண்டுவீச்சு வகையில் தற்காப்புத் துப்பாக்கியே வைக்கவில்லை, வேகமே போதும் என்று துணிந்தார்கள். 1943 ஜனவரி 30 அன்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் வானொலியில் உரையாற்ற இருந்த நேரம் பார்த்துப் பட்டப்பகலில் பெர்லின் மேல் போய்க் குண்டு போட்டு, அந்த உரையையே தள்ளிப்போட வைத்தன சில மஸ்கிடோக்கள்.

இந்தியாவுக்கும் பர்மா போர்முனைக்கும் வந்தபோதுதான் வினை. 1944இல் பறந்துகொண்டிருக்கும்போதே இறக்கை உடைந்து சில விமானங்கள் விழுந்தன. முன்பு பயன்படுத்திய பசை பாலிலிருந்து எடுக்கும் கேசீன், வெப்பமும் ஈரமும் அதற்கு ஆகாது. தொழிற்சாலையில் மரத் துண்டுகள் சரியாகப் பொருந்தாமல் ஒட்டப்பட்டதும் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. இந்தச் சூட்டுக்குத் தாங்குகிற செயற்கைப் பசைக்கு மாறினார்கள்.

கே: ஜப்பானின் ஜீரோ விமானத்தைப் பார்த்துக் காப்பியடித்துத்தான் அமெரிக்கா ஹெல்கேட்டைச் செய்தது என்பது உண்மையா?

ப: தேதியைப் பாருங்கள், கதை கலைந்துவிடும். அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளில் அக்குட்டான் என்ற தீவின் சதுப்பு நிலத்தில் ஒரு ஜீரோ தலைகுப்புற விழுந்தது 1942 ஜூன் 4. அமெரிக்கர்கள் கண்ணில் பட்டது ஜூலையில், சரிசெய்து பறக்கவிட்டது செப்டம்பரில். ஹெல்கேட்டின் முதல் மாதிரி ஜூன் 26 அன்றே பறந்துவிட்டது. அந்த ஜீரோவால் கிடைத்தது வேறு லாபம்: அதிக வேகத்தில் அது புரள முடியாமல் விறைத்துக்கொள்ளும், மூக்கைச் சட்டென்று அழுத்தினால் அதன் என்ஜினும் விக்கும் என்று விமானிகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தது. ஆமாம், மெர்லினுக்கு இருந்த அதே வியாதி.

ஜீரோவை வடிவமைத்த ஜிரோ ஹொரிகோஷியிடம் கடற்படை கேட்டது நடக்காத காரியம்: நீண்ட தூரம் பறக்க வேண்டும், வளைந்து திரும்ப வேண்டும், வேகமும் வேண்டும், ஆனால் என்ஜின் சுமார்தான். எடையைக் கிராம் கிராமாகச் சுரண்டி எடுத்தார். விமானிக்குக் கவசமில்லை, பெட்ரோல் டேங்க் ஓட்டையானால் தானே அடைத்துக்கொள்ளும் வசதியும் இல்லை. 3,000 கிலோமீட்டர் பறந்தது, பட்டால் பற்றிக்கொண்டது. இன்னொரு வேடிக்கை, நகோயாவில் இருந்த மிட்சுபிஷி தொழிற்சாலைக்குப் பக்கத்தில் விமானத் தளம் கிடையாது. உலகின் அதிநவீனப் போர் விமானத்தை மாட்டு வண்டியில் ஏற்றிக் குண்டும் குழியுமான சாலையில் ககாமிகஹாரா தளத்துக்குக் கொண்டுபோனார்கள். லாரியில் ஏற்றினால் குலுக்கலில் அடிபடுமாம்.

கே: சிவப்புப் புள்ளிகள் வைத்த விமானப் படம் ஒன்றைக் காட்டி மேனேஜ்மென்ட் வகுப்பில் பாடம் நடத்துகிறார்கள். நிஜமாக நடந்ததா?

ப: கணிதம் நிஜம், குண்டு பட்ட இடங்களைப் புள்ளிகளாகக் காட்டும் அந்தப் படம் பிற்காலத்தில் யாரோ வரைந்தது. திரும்பி வந்த விமானங்களில் ஓட்டை எங்கே அதிகமோ அங்கே கவசம் போடலாம் என்பது பார்த்தவுடன் தோன்றுகிற யோசனை. ஆபிரகாம் வால்ட் என்ற கணிதவியலாளர், திரும்பி வராத விமானங்களின் நிலையைக் கணிக்க 1943இல் முறையாகச் சூத்திரங்கள் எழுதினார். திரும்பி வந்தவற்றில் என்ஜின் பகுதியில் ஓட்டைகள் குறைவு என்றால், அங்கே அடிபட்டவை திரும்பவே இல்லை என்றுதான் அர்த்தம். இதே வால்ட் 1950 டிசம்பரில் சொற்பொழிவுகளுக்காக இந்தியா வந்திருந்தபோது நீலகிரி மலையில் நடந்த விமான விபத்தில் மனைவியோடு இறந்துபோனார்.

கே: ஆயுதமே இல்லாத, ஆனால் போரை மாற்றிய ஒரு பொருளைச் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

ப: பெட்ரோல் கேன். ஜெர்மானியர்கள் 1930களில் செய்த 20 லிட்டர் தகர கேன், ஜெர்ரி கேன் என்று இன்றைக்கும் விற்கிறதே அதுதான். கையில் எடுத்துப் பாருங்கள். மேலே ஒன்றுக்கு மூன்று கைப்பிடி. நிரம்பிய கேனை ஒருவர் நடுப்பிடியில் தூக்கலாம், இரண்டு பேர் ஆளுக்கொரு ஓரப்பிடியில் பிடிக்கலாம், காலி கேன்கள் என்றால் ஓரப்பிடிகளைச் சேர்த்து ஒரே கையில் இரண்டு. பக்கவாட்டில் தெரிகிற பெருக்கல் குறிப் பள்ளம் அலங்காரமில்லை, வெயிலில் பெட்ரோல் விரிந்தால் தகரம் உப்புவதற்கு இடம். பற்றவைத்த விளிம்பு உள்ளடங்கி இருக்கிறது, கீழே விழுந்தாலும் அடிபடாது. கைப்பிடிக்குக் கீழே காற்று தங்குகிற இடம் விட்டிருப்பதால் நிரம்பிய கேன்கூடத் தண்ணீரில் மிதக்கும். மூடியைத் திறக்க ஸ்பானர் வேண்டாம், ஒரு நெம்பு போதும். ஊற்றும்போது காற்று உள்ளே போகத் தனிக் குழாய் இருப்பதால் குளுக் குளுக்கென்று சிந்தாது.

எதிரில் பிரிட்டிஷ் ராணுவம் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குக் கொண்டுபோன நான்கு கேலன் தகர டின் ஒன்று இருந்தது. லாரி நாலு தூக்கு தூக்கினால் மடிப்பு விட்டு ஒழுகும். டாங்கிக்குப் போக வேண்டிய பெட்ரோலில் கணிசமான பங்கு மணலுக்குப் போயிற்று. வீரர்கள் அந்த டின்னைப் பாதியாக வெட்டி, மணலும் பெட்ரோலும் போட்டு அடுப்பாக்கினார்கள். அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்தது! ஜெர்மன் கேன் கையில் கிடைத்தால் விடுவதே இல்லை. கடைசியில் பிரிட்டன் அச்சு அசலாகக் காப்பியடித்தது. அமெரிக்காவும் காப்பியடித்தது, ஆனால் "மேம்படுத்துகிறேன்" என்று விளிம்பை மாற்றி, ஸ்பானரும் புனலும் தேவைப்படுகிற மூடியைப் போட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டது.

கே: ஏகே-47 என்பது ஜெர்மன் எஸ்டிஜி-44இன் நகல்தானே?

ப: வெளித்தோற்றத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நடுத்தர அளவுத் தோட்டா, தொடர்ந்து சுடும் வசதி, வளைந்த மேகசின் என்ற யோசனைக்கு ஜெர்மன் துப்பாக்கி முன்னோடி, அதில் மறுப்பில்லை. பிரித்துப் பார்த்தால் பூட்டு முறையே வேறு. ஜெர்மன் துப்பாக்கியில் போல்ட் சாய்ந்து பூட்டும், ஏகே-47இல் சுழன்று பூட்டும். தவிர ஏகே 1949இல்தான் சோவியத் ராணுவத்தில் சேர்க்கப்பட்டது, இரண்டாம் உலகப் போர்ப் படத்தில் அதைப் பார்த்தால் சேனலை மாற்றிவிடலாம்.

கே: கொலைக் கருவிகளை இப்படிச் சிலாகித்து எழுத உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?

ப: நியாயமான கேள்வி. கூச்சமாக இருக்கிற இடங்களும் உண்டு. ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டை "காலத்தை மீறிய தொழில்நுட்பம்" என்று புகழ்ந்து நிறைய வாசகர்கள் எழுதுகிறீர்கள். அதைச் செய்தது டோரா என்ற நாஜி வதைமுகாமின் கைதிகள், மலையைக் குடைந்த சுரங்கங்களுக்குள். அந்த முகாம்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 20,000 பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ராக்கெட் விழுந்து செத்தவர்களைவிட இது அதிகம். எனக்கு அந்த ராக்கெட்டின் பம்ப்பைப் பற்றியோ வழிகாட்டும் கருவியைப் பற்றியோ ரசித்து எழுத வராது, கேட்காதீர்கள்.

கே: ஜீப்பை உண்மையில் வடிவமைத்தது யார்? வில்லிஸா, ஃபோர்டா?

ப: இரண்டு பேரும் இல்லை, பான்டம் என்ற சின்னக் கம்பெனி. 1940 கோடையில் அமெரிக்க ராணுவம் 49 நாளில் மாதிரி வண்டி வேண்டும் என்று கேட்டது. கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரைப் பிடித்து, அவர் சில நாட்களிலேயே வரைபடத்தை முடித்து, செப்டம்பர் 23 அன்று கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவ்வளவு பெரிய எண்ணிக்கையை இந்தக் கம்பெனியால் செய்து தர முடியாது என்று நினைத்த ராணுவம் அதன் வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்துவிட்டது! வில்லிஸ் தன் பங்குக்கு 60 குதிரைசக்தி என்ஜினைப் போட்டது, அதுதான் வண்டிக்கு உயிர் கொடுத்தது. போர் முடிவதற்குள் எல்லோரும் சேர்த்து 6 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதில் பான்டம் செய்தது 3,000கூட இல்லை, மிச்ச நாட்களில் அது ஜீப்புக்குப் பின்னால் மாட்டுகிற டிரெய்லர் செய்துகொண்டிருந்தது.

எனக்குப் பிடித்த சங்கதி முகப்பு விளக்குகள். அவற்றைக் கீல் வைத்துப் பொருத்தியிருந்தார்கள். இரவில் ரிப்பேர் என்றால் பானட்டைத் திறந்து விளக்கைப் பின்பக்கம் திருப்பினால் வெளிச்சம் என்ஜின் மேல் விழும். ஜீப் என்றதும் நம் நினைவுக்கு வருகிற அந்தச் செங்குத்துத் துளைகள் போட்ட முகப்புத் தகடு, ஃபோர்டு சிக்கனத்துக்காக ஒரே தகட்டில் அச்சடித்துச் செய்தது. வில்லிஸ் அதுவரை இரும்புப் பட்டைகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தது. இது மலிவாக இருக்கிறதே என்று தானும் அதற்கு மாறி, போருக்குப் பிறகு ஜீப் என்ற பெயரையும் தனதாக்கிக்கொண்டது.